குறுமூக்கு றிவோல்வர்: குறைத்தலின் கலையும் கடனும்

கலைப்பொருளைச் சுவைத்தல் எளிது. கருவியைச் சுவைத்தல் அதனினும் அரிது. கொல்லும் கருவியைச் சுவைத்தலோ எல்லாவற்றினும் அரிது. வாளின் வளைவையும் வேலின் நிமிர்வையும் அழகெனக் கூறக் கூசாத மனம் கைத்துப்பாக்கியைப் பற்றிப் பேச்செழுந்தவுடன் தயங்குகின்றது. வாளும் வேலும் நூதனசாலைக்குச் சென்று நெடுங்காலமாயிற்று. அவற்றிற் படிந்த குருதி உலர்ந்துவிட்டது. துப்பாக்கியின் குருதி இன்னும் உலரவில்லை. ஆதலின் இத்தயக்கம் நியாயமானதே. ஆயினும் தயக்கத்தின் காரணமாகக் கண்ணை மூடிக்கொள்பவர் அக்கருவி எவ்வாறு இவ்வடிவத்தைப் பெற்றது, அவ்வடிவத்திற்காக எதனை இழந்தது என்பவற்றை அறியாமலே போகின்றார். ஒரு பொருளைக் கண்டிப்பதற்குங்கூட அதனை நன்றாகப் பார்த்திருத்தல் வேண்டும்.

இவ்வாறு பார்த்தற்குரியவற்றுள் ஒன்று குறுமூக்கு றிவோல்வர். சுழலும் உருளையில் ஐந்து அல்லது ஆறு தோட்டாக்களைக் கொள்ளும் றிவோல்வரின் குழல் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு அங்குலம் வரை நீண்டிருக்கும். அக்குழலை இரண்டங்குல அளவுக்குக் குறைத்தால் அதன் முகம் சப்பை மூக்கினை ஒத்துத் தோன்றும். பெயரும் அதனால் வந்ததே. பிற்காலத்தில் தொழிற்சாலைகளே இவ்வடிவிற் பல துப்பாக்கிகளை வார்த்தெடுத்தன. ஆனால் ஆயுதச் சேகரிப்பாளர் பெரிதும் விரும்பித் தேடுவது அவற்றையன்று. தொழிற்சாலையிலிருந்து முழுமையாக வெளிவந்த றிவோல்வரொன்றினைத் தேர்ந்த கம்மியன் மீண்டும் பட்டறையிலிட்டு, அறுத்தும் அராவியும், குறித்த ஒருவரின் கைக்கும் சட்டைப்பைக்கும் ஏற்ப மாற்றியமைத்தானாயின், அதுவே அவர்களது மதிப்பைப் பெறுகின்றது.

சிறிய துப்பாக்கியின் மீது கொண்ட நாட்டம் பழையது. அதன் மீது விழுந்த நிழலும் பழையது. 1865 இல் ஆபிரகாம் லிங்கனைக் கொன்றது பிலடெல்பியாவைச் சேர்ந்த ஹென்றி டெறிஞ்சர் செய்த, உள்ளங்கையில் அடங்கும் ஒற்றைவெடிக் கைத்துப்பாக்கி. 1881 ஆம் ஆண்டு யூலை 2 ஆந் திகதி வொஷிங்டன் புகையிரத நிலையத்தில் ஜனாதிபதி கார்பீல்ட் சுடப்பட்டது 'பிரித்தானிய புல்டோக்' எனப்படும் குறுங்குழல் றிவோல்வரினால். அதனைச் சுட்ட கீற்றோ, நூதனசாலையில் வைக்கப்படும்போது எடுப்பாகத் தோன்றும் என்றெண்ணித் தந்தப்பிடி கொண்ட துப்பாக்கியையே முதலில் விரும்பினான் என்று வரலாற்று நூல்கள் கூறும். அத்துப்பாக்கி பின்னர் காணாமற் போயிற்று. ஆயுதத்தின் அழகினைக் கொலைகாரனும் சுவைத்தான் என்ற இச்செய்தி, சுவைத்தல் தன்னளவில் நல்லொழுக்கமாகாது என்பதை உணர்த்துகின்றது. 1901 இல் ஜனாதிபதி மக்கின்லியைச் சுட்டவன் தன் சிறு றிவோல்வரைக் கைக்குட்டையாற் சுற்றி மறைத்திருந்தான். மறைத்துக் கொண்டுவந்த றிவோல்வர் ஒரு நாட்டின் வரலாற்றை எவ்வாறு திருப்பிவிடும் என்பதை, 1959 செப்டெம்பரில் தன் பிரதமரை இழந்த இலங்கையின் வாசகர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இந்நிழலின் நடுவிலேதான் ஜோன் ஹென்றி பிற்ஸ்ஜெரல்ட் என்னும் மனிதரை வைத்து நோக்குதல் வேண்டும். அவர் அமெரிக்காவின் கனெற்றிக்கற் மாநிலத்து ஹாட்போர்ட் நகரிலிருந்த கோல்ற் துப்பாக்கிக் கம்பனியில் 1918 முதல் 1944 வரை பணியாற்றியவர். பொலிசாருக்குச் சுடுபயிற்சி அளித்தும், ஒகையோ மாநிலத்துக் காம்ப் பெரியில் நடைபெறும் தேசியச் சுடுபோட்டிகளுக்கு வருவோரின் துப்பாக்கிகளைச் செப்பனிட்டும் அவர் பெயர் பெற்றார். சூட்டாளரின் கைகள் அவர் கண்முன்னே கடந்து சென்ற வண்ணமிருந்தன. எந்தக் கைக்கு எந்தப் பிடி பொருந்தாது, அவசரத்தில் எது எங்கே சிக்கும் என்பவற்றை அவர் வரைபடத்திலிருந்தன்றி மனிதரிடமிருந்தே கற்றார். 1920 களின் நடுப்பகுதியில், கோல்ற் கம்பனியின் 'பொலிஸ் பொசிற்றிவ் ஸ்பெஷல்' என்னும் றிவோல்வரை எடுத்து அவர் செய்த மாற்றம், 'பிற்ஸ் ஸ்பெஷல்' என அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. பின்னர் அதனினும் பெரிய, .45 அளவுத் தோட்டாவுக்குரிய 'நியூ சேர்விஸ்' றிவோல்வரையும் அவ்வாறே குறைத்தார். அத்தகைய இரண்டினைத் தம் காற்சட்டையின் இரு முன்பைகளிலும் இட்டுச் செல்வது அவர் வழக்கம்.

அம்மாற்றத்தில் ஐந்து செயல்கள் உள. ஒவ்வொன்றிலும் ஒரு வரவும் ஒரு செலவும் உண்டு. அவற்றை வரிசையாக நோக்குவதே இக்கலையைச் சுவைப்பதற்கான முதற்படி.

முதலாவது குழல். அது குறுகினால் துப்பாக்கி பையில் அடங்கும்; விரைவில் வெளியே வரும். ஆனால் நுனியிலிருந்த குறிமுனை அறுபட்ட துண்டோடு போய்விடுமாதலால் புதிதாக ஒன்றைப் பொருத்தியாகல் வேண்டும். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையிலுள்ள தூரம் குறைவதால் கண்ணின் சிறுபிழை இலக்கிற் பெரும்பிழையாகும். வெடிமருந்தின் வாயு குண்டினைத் தள்ளிச்செல்லும் தூரம் சுருங்குவதால் குண்டின் வேகம் குறையும். வாயில் எழும் சுவாலையும் ஓசையும் மிகும். அறுத்த வாயின் விளிம்பு ஒருபுறம் சற்றே சரிந்திருந்தாலும், குண்டு வெளியேறும் கணத்தில் வாயு அப்பக்கமாகப் பிதுங்கி அதனைத் திசைமாற்றும். குழலை அறுப்பது எவர்க்கும் கூடும். அதன் வாயைச் செம்மை செய்வதிலேதான் கம்மியனின் கை தெரியவரும்.

இரண்டாவது, சுட்டபின் வெற்றுக் கோதுகளை வெளியே தள்ளும் கோல். குழலின் கீழே ஓடும் இக்கோலும் குழலோடு சேர்ந்து குறுகவேண்டும். அக்காலத்துக் கோல்ற் றிவோல்வர்களில் இக்கோலின் முன்முனை எதிலும் பூட்டப்படாது தனித்து நின்றமையால் அதனைக் குறைத்தல் எளிதாயிற்று. ஸ்மித் அன்ட் வெஸன் றிவோல்வர்களிலோ அம்முனை குழலின் அடியிலுள்ள பூட்டிற் செருகி நிற்கும். அங்கே அறுப்பவன் பூட்டைப் பற்றியும் சிந்தித்தாக வேண்டும். கோல் குறுகியதன் செலவு யாதெனில், அது கோதுகளை முழுதாகத் தள்ளாது பாதியிலே நிறுத்திவிடக்கூடும். இடரின் நடுவே விரலாற் பிடுங்கவேண்டிய நிலை ஏற்படும்.

மூன்றாவது சுத்தியல். தோட்டாவின் பின்புறத்தைத் தட்டி வெடிக்கச் செய்யும் இவ்வுறுப்பின் தலையில் பெருவிரலால் இழுப்பதற்கென ஒரு கொம்பு உண்டு. துப்பாக்கியைப் பையிலிருந்து இழுக்கும்போது துணியிற் சிக்குவது அக்கொம்பே. அதனை நீக்கினால் சிக்கல் தீரும். ஆனால் சுத்தியலை முன்னரே பின்னிழுத்து, இலேசான விசையழுத்தத்தால் நிதானமாகச் சுடும் வாய்ப்பும் அருகிப்போம். நீண்டதும் கடினமானதுமான ஒரே இழுப்பாலேயே பெரும்பாலும் சுடவேண்டும். நான்காவது பிடி. அதன் கீழ்மூலையை உருட்டிக் குறைத்தால் சட்டைக்கு வெளியே துருத்தித் தோன்றாது. ஆனால் சுண்டுவிரல் பற்றிக்கொள்ள இடமில்லாது போவதால், வெடியின் பின்னுதைப்பை ஏனைய விரல்களே தாங்கவேண்டும்.

ஐந்தாவது விசைக்காப்பு வளையம். விரல் அழுத்தும் விசையைச் சுற்றி நிற்கும் இவ்வளையம், வேறெதுவும் தற்செயலாக விசையைத் தீண்டாதவாறு காப்பது. பிற்ஸ்ஜெரல்ட் அதன் முன்பாதியை அறுத்து நீக்கினார். பருத்த விரலும் கையுறையணிந்த விரலும் தடையின்றி விசையைச் சென்றடைந்தன. பிற்ஸ் ஸ்பெஷலை ஒரே பார்வையில் இனங்காட்டும் அடையாளமும் அதுவே. ஆனால் அன்றுமுதல் அத்துப்பாக்கிக்கும் விபத்துக்கும் இடையே நின்றது விசையின் கடினம் ஒன்றும், அதனைச் சுமப்பவனின் நிதானம் ஒன்றுமே.

சிற்பி கல்லிலிருந்து வேண்டாதவற்றை நீக்கிச் சிலையை வெளிப்படுத்துகிறான் என்பது பழகிய உவமை. இக்கம்மியனின் தொழிலுக்கு அவ்வுவமை பாதியே பொருந்தும். சிற்பி நீக்கிய கல் வேண்டாத கல். இங்கே நீக்கப்பட்டவை யாவும் வேண்டியவை. ஒவ்வொன்றும் ஒரு காரணம் பற்றி அங்கே வைக்கப்பட்டவை. குழலின் நீளம் கண்ணுக்குத் துணை. கோலின் நீளம் விரலுக்குத் துணை. காப்பு வளையம் கவனத்துக்குத் துணை. அரம் அத்துணைகளை நீக்கியபோது அவற்றின் வேலை மறைந்துவிடவில்லை. இரும்பு செய்துவந்த வேலையை இனி மனிதன் செய்யவேண்டியதாயிற்று. குறுங்குழலின் பிழையைப் பயிற்சியாலும், கடின விசையை விரலின் வலிமையாலும், காப்பின்மையை இடையறாத விழிப்பாலும் அவன் ஈடுசெய்தாகல் வேண்டும். பொலிசாரைப் பயிற்றுவித்த பிற்ஸ்ஜெரல்ட், சுடுதலைப் பற்றி 1930 இல் நூலொன்றும் எழுதினார். அரத்தை எடுத்தவரே பயிற்சியையும் வற்புறுத்தினார் என்பது தற்செயலன்று. தாம் துப்பாக்கியிலிருந்து எதனைக் கழித்தாரோ, அதனை மனிதனிடத்திற் கூட்டவேண்டுமென்பதை அவர் அறிந்திருந்தார்.

இக்கணக்கிற் காலம் வழங்கிய தீர்ப்பும் கவனிக்கத்தக்கது. 1927 இல் கோல்ற் கம்பனி 'டிடெக்ரிவ் ஸ்பெஷல்' என்னும் இரண்டங்குலக் குழல் றிவோல்வரைச் சந்தைக்கு விட்டது. பிற்ஸ்ஜெரல்டின் கைவேலையே அதற்குத் தூண்டுகோல் என்பது பரவலான கருத்து. தொழிற்சாலை அவரது குறுங்குழலை ஏற்றது. அறுபட்ட வளையத்தை ஏற்கவில்லை. அதன் விசைக்காப்பு முழுமையாகவே இருந்தது. ஷங்காய் நகரப் பொலிசிற் பணியாற்றிய பெயர்பேர்னும் சைக்ஸும் 1942 இல் வெளியிட்ட நூலில் முன்வளையம் நீக்கிய றிவோல்வரை எடுத்துரைத்தனராயினும், அவ்வழக்கம் பெருகவில்லை. 1952 இல் ஸ்மித் அன்ட் வெஸன் கம்பனி தன் நூற்றாண்டையொட்டி வெளியிட்ட 'சென்ரினியல்' என்னும் குறுமூக்கு றிவோல்வரிற் சுத்தியல் முழுவதும் உடலுக்குள்ளே மறைந்திருந்தது. பிடியை உள்ளங்கை இறுகப் பற்றினாலன்றிச் சுடமுடியாதவாறு காப்பொன்றும் வைக்கப்பட்டது. சிக்காமை என்னும் பயனைப் பெறுவதற்குப் பாதுகாப்பை விலையாகக் கொடுக்கவேண்டுவதில்லை என்பதை வடிவமைப்பாளர் இவ்வாறு நிறுவினர். அரத்தின் துணிவிலிருந்து ஏற்கவேண்டியதை ஏற்று, மீட்கவேண்டியதை மீட்டனர் எனலாம்.

சேகரிப்பாளரின் சுவைநோக்குக்கும் தனியான கல்வி உண்டு. அறுக்கப்பட்ட குழலிற் கம்பனியின் பெயரும் ஊரும் பொறித்த வரி இடையிலே துண்டிக்கப்பட்டிருக்கலாம். தொழிற்சாலையிலேயே குறுகப் பிறந்த குழலில் அவ்வரி நிறைவாக இருக்கும். உருட்டிய விளிம்புகளில் அரத்தின் தடம் எஞ்சியுள்ளதா, மீண்டும் ஏற்றிய கருநீலப் பூச்சு பழைய பூச்சோடு இசைகின்றதா, வளையத்தின் அறுபட்ட முனை விரலைக் கீறாதவாறு மழுக்கப்பட்டுள்ளதா என்றெல்லாம் அவர்கள் உற்று நோக்குவர். வாளும் அரமும் எவரிடத்தும் இருக்கக்கூடுமாதலால் போலிகளுக்கும் குறைவில்லை. எனவே கம்பனியின் பழம் பதிவேட்டிலிருந்து பெறும் கடிதமே இறுதிச் சான்றாகின்றது. தொண்டைமானின் காவல்மிக்க மாளிகையில் நெய்பூசிப் பீலி சூட்டிப் பொலிந்த படைக்கலங்களையும், அதியமானின் கொல்லனுலைக்களத்தில் நுனிமுறிந்து கிடந்த வேல்களையும் ஒப்பிட்டு ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டினை அறிந்தோர்க்கு இவ்விடத்தில் ஓர் எண்ணம் எழுதல் இயல்பு. பொலிவு ஒன்று, பயன்பட்ட தழும்பு பிறிதொன்று. குறுமூக்கு றிவோல்வரைச் சேகரிப்போர் மாளிகையின் பொலிவை விடுத்து உலைக்களத்தின் தழும்பையே தேடுகின்றனர். ஆனால் தழும்பை விரும்புவோர், அது யாருடைய உடலில் முடிந்தது என்ற கேள்வியினின்றும் தப்ப முடியாது.

அக்கேள்விக்கு மிகக் கடுமையான விடை டலஸ் நகரிலே கிடைத்தது. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியாவுக்கென ஸ்மித் அன்ட் வெஸன் கம்பனி செய்தளித்த 'விக்ரரி' றிவோல்வர்கள் பல போரின் பின் அமெரிக்கச் சந்தைக்கு மீண்டன. வணிகர்கள் அவற்றின் ஐந்தங்குலக் குழலை அறுத்து, தோட்டா அறைகளை அமெரிக்காவிற் பெருவழக்கான .38 ஸ்பெஷல் தோட்டாவுக்கேற்பக் குடைந்து, மலிவாக விற்றனர். இதுவும் குறைத்தலே, இதுவும் வாளும் அரமும் செய்த வேலையே. ஆனால் குறித்த ஒருவரின் கை அங்கே கம்மியனின் மனத்தில் இல்லை. வாங்குபவனின் முகத்தைப் பார்க்கவேண்டிய தேவையும் இருக்கவில்லை. அவற்றுள் ஒன்று, 29 டொலர் 95 சதத்திற்கு, 1963 இன் முற்பகுதியில் லொஸ் ஏஞ்சல்ஸிலிருந்து தபால் விற்பனை மூலம் பொய்ப்பெயர் ஒன்றிற்கு அனுப்பப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 22 ஆந் திகதி, ஜனாதிபதி கென்னடி கொல்லப்பட்ட சிறிது நேரத்தின் பின், ரிப்பிற் என்னும் பொலிஸ் உத்தியோகத்தரை லீ ஹாவி ஒஸ்வால்ட் அத்துப்பாக்கியாலேயே சுட்டுக்கொன்றான் என வொரன் ஆணைக்குழு 1964 இல் முடிவு செய்தது.

அவ்விசாரணையில் வெளிப்பட்ட நுட்பமொன்று இங்கே நினைக்கற்பாலது. .38 ஸ்பெஷல் தோட்டாவின் குண்டு, அக்குழலுக்கு முதலில் உரிய குண்டினும் சிறிது மெல்லியது. ஆகவே அது குழலினுள் இறுகாது தள்ளாடிச் சென்றது. குழலின் தனி அடையாளங்கள் குண்டில் ஒழுங்காகப் பதியவில்லை. மத்திய புலனாய்வுத் துறையின் நிபுணரால், உடலில் எடுத்த குண்டுகள் இத்துப்பாக்கியினின்றே வந்தன, பிறிதொன்றிலிருந்து வரவில்லை என்று அறுதியிட்டுக் கூற இயலவில்லை. வெற்றுக் கோதுகளே உறுதியான சான்றாக நின்றன. முன்னர், 1921 இல் நடைபெற்ற புகழ்பெற்ற சாக்கோ – வன்செற்றி கொலைவழக்கில் இதே வகைக் கேள்விக்கு நிபுணராகச் சாட்சியமளித்தவர்களுள் பிற்ஸ்ஜெரல்டும் ஒருவர். கொலைக்குண்டு சாக்கோவின் துப்பாக்கியிலிருந்து வந்ததன்று என எதிரிகள் தரப்பில் அவர் கூறினார். பிற்காலச் சோதனைகள் அவர் கருத்துக்கு மாறாக அமைந்தன. துப்பாக்கியை நன்கறிந்தவனையும் துப்பாக்கி ஏமாற்றிவிடலாம். ஆனால் டலஸிலே நிகழ்ந்தது வேறு. அங்கே பொறுப்பின்றிச் செய்த மாற்றம் குண்டின் சாட்சியத்தையே கெடுத்துவிட்டது. பிற்ஸ்ஜெரல்டின் அரம் பாரத்தைச் சுமப்பவன்மீது ஏற்றியது. வணிகரின் வாள் அப்பாரத்தை எவர்மீதும் ஏற்றாது தெருவிலே போட்டுச் சென்றது.

இரண்டு நாள் கழித்து, நவம்பர் 24 இல், பொலிஸ் காவலில் நின்ற ஒஸ்வால்டை ஜக் ரூபி சுட்டுக் கொன்றான். அவன் கையிலிருந்ததும் ஒரு குறுமூக்கு றிவோல்வரே. டிடெக்ரிவ் ஸ்பெஷலின் வழிவந்து, அலுமினியக் கலப்புலோக உடல் கொண்ட 'கோப்ரா'. அதன் சுத்தியல் பையிற் சிக்காதவாறு உறையொன்றும் பொருத்தப்பட்டிருந்தது. 1991 இல் அது 220,000 டொலருக்கு ஏலத்திற் போயிற்று. அத்தொகையைச் சுவைநோக்கின் அளவுகோலாகக் கொள்ளுதல் பெரும்பிழை. அங்கே விலைபோனது கம்மியனின் கைத்திறனன்று. ஒரு கணத்தின் கொடுமை விலைபோயிற்று. கீற்றோ விரும்பிய தந்தப்பிடிக்கும் அவ்வேலத்திற்கும் இடையே உறவுண்டு. இரண்டும் ஆயுதத்தைப் பார்க்காமல் அதன் புகழைப் பார்க்கும் பார்வைகள்.

1968 இல் அமெரிக்காவில் நிறைவேறிய துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், மாநிலம் விட்டு மாநிலத்திலுள்ள தனியாருக்குத் தபால் மூலம் துப்பாக்கி விற்பதைத் தடைசெய்தது. ஒரு வகையில் நோக்கின், அதுவும் ஒரு காப்பு வளையமே. இரும்பிலிருந்து அறுக்கப்பட்டதைத் தனிமனிதனின் நிதானம் மாத்திரம் ஈடுசெய்யும் என்று நம்பியிருக்க முடியாதபோது, சமுதாயம் தன் பங்குக்கு ஒரு வளையத்தை வளைத்துப் பொருத்தியது. அவ்வளையம் போதுமானதா என்ற வாதம் அந்நாட்டில் இன்றும் ஓயவில்லை.

பிற்ஸ்ஜெரல்ட் மறைந்து பல்லாண்டுகளாயின. டிடெக்ரிவ் ஸ்பெஷலின் உற்பத்தியும் நின்றுபோயிற்று. அவர் கையால் மாற்றிய றிவோல்வர்கள் இன்று சேகரிப்பாளரின் பேழைகளில், மெல்லிய துணியின்மேல், தோட்டாவின்றிக் கிடக்கின்றன. அவற்றைப் பார்ப்பவரின் கண் முதலிற் செல்வது உருண்ட பிடியின் நயத்திற்கும், வழவழப்பான சுத்தியலுக்கும், செம்மையாக வெட்டிய வாய்க்குமே. அந்நயம் உண்மையானது, அதனை மறுப்பதற்கில்லை. ஆயினும் நல்ல சுவைஞனின் கண் அங்கே நின்றுவிடாது. வளையத்தின் அறுபட்ட முனைக்கும் உடலுக்கும் இடையே இருக்கும் வெற்றிடத்தையும் அது பார்க்கும். ஒருகாலத்தில் அங்கே அரையங்குல அகலமுமில்லாத இரும்பு இருந்தது. மனிதன் கவனம் தவறியபோது அவனுக்காகக் கவனமாயிருந்தது. அவ்விரும்பு செய்த வேலையை இப்போது யார் செய்கின்றார் என்று கேட்கத் தெரிந்தவரே அத்துப்பாக்கியை முழுமையாகப் பார்த்தவராவார்.